ஓடிப்போகும் தேனீயின் நியாயம்

மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், மார்த்தாண்டத்துக்குச் சற்று அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் நிழலில் எங்கள் தேனீ வளர்ப்போர் குழு கூடுவது வழக்கம். முப்பது பேர் வரை வருவோம். பால்வெட்டும் தொழிலாளிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தையல் வேலை செய்யும் பெண்கள், படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் என்று கலவையான கூட்டம். முறைவைத்து ஒருவருடைய பெட்டிகளைத் திறந்து பார்ப்போம். தேன் எடுக்கும் இயந்திரம் பொதுவில் ஒன்று இருக்கிறது. அது யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போகிறது என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம். எங்கேனும் மரப்பொந்திலோ கல்லிடுக்கிலோ கூட்டம் அடைந்திருப்பதாகச் செய்தி வந்தால், புதியவர் ஒருவரையும் பழையவர் ஒருவரையும் சேர்த்து அனுப்புவோம். தேனீ வளர்ப்பைக் கற்பிக்க இதைவிட நல்ல வகுப்பறையை நாங்கள் கண்டதில்லை.

இவ்வளவு இணக்கமான குழுவில் சென்ற இரண்டு கூட்டங்களாக வாக்குவாதம். பொது நிதியிலிருந்து இருபது பெட்டி இத்தாலியத் தேனீ வாங்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. வாங்க வேண்டாம் என்பது எங்களில் சிலருடைய கட்சி. அந்தக் கட்சியின் வாதத்தை இங்கே எழுதிவைக்க விரும்புகிறோம். ஏனெனில் இது தேன் விளைச்சலைப் பற்றிய சர்ச்சை மட்டுமன்று. ஓர் உயிரின் இயல்பில் எதைக் குறை என்று சொல்கிறோம், எதை நிறை என்று சொல்கிறோம் என்பதைப் பற்றியது. இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதாக இராது.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். 1910களில் நியூட்டன் என்ற பாதிரியார் தென்னிந்தியாவில் நம் அடுக்குத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய மரப்பெட்டி ஒன்றை வடிவமைத்தார். மேலைநாட்டுப் பெட்டிகள் மேலைநாட்டுத் தேனீயின் அளவுக்குச் செய்யப்பட்டவை. நியூட்டன் பெட்டியோ நம் தேனீக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 1920களில் மார்த்தாண்டத்தில் இளைஞர் கிறித்தவச் சங்கத்தின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், நிலமற்றவர்களும் செய்யக்கூடிய தொழில் என்பதால் தேனீ வளர்ப்பை ஊக்குவித்தார். அன்று இப்பகுதி திருவிதாங்கூர். 1956இல் மாநில எல்லை மாறியது. பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பின்னர் ரப்பர் வந்தது. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பதை வெளியூர் நண்பர்கள் எளிதில் நம்புவதில்லை. இலையுதிர்ந்து தை, மாசியில் புதுத்தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேருமிடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசிகிறது. தேனீக்கள் அதைத் திரட்டுகின்றன. அந்த இரண்டு மூன்று மாதங்களே எங்கள் அறுவடைக்காலம். பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கேரளத்து ரப்பர்த் தோட்டங்கள்வரை கொண்டுபோய் வைத்துத் திரும்புகிறவர்களும் உண்டு.

இந்த வளம் 1991, 1992 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரேயடியாகச் சரிந்தது. தாய்லாந்து வகைச் சாக்குப்புழு நோய் என்று சொல்லப்படும் வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவி, அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர் கோத்த பையாக மாறி இறந்தன. வெற்றுப் பெட்டிகள் விறகாயின. மூத்தவர்கள் அதைப் பற்றி இன்றும் பேச விரும்புவதில்லை. பேசினால் ஊரில் நடந்த பெருஞ்சாவைச் சொல்லும் குரலிலேயே பேசுகிறார்கள். அந்த வெறுமையில்தான் இத்தாலியத் தேனீ தெற்கில் காலூன்ற இடம் கிடைத்தது. 1962இல் அன்றைய பஞ்சாபின் நக்ரோட்டாவில் வெற்றிகரமாகக் குடியேற்றப்பட்ட இனம் அது. பெரிய கூட்டம், பெரிய பெட்டி, எங்கள் தேனீயைப் போல மூன்று நான்கு மடங்கு தேன், சாந்தமான சுபாவம், பெட்டியை விட்டு ஓடாத பண்பு. முன்மொழிந்த நண்பர்கள் சொல்லும் காரணங்கள் இவையே. இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

அந்தத் தேனீயோடு கூடவே வரும் மற்றோர் உயிரைப் பற்றித்தான் எங்கள் கவலை.

வரோவா உண்ணி என்பது அதன் பெயர். செம்பழுப்பு நிறம், நண்டின் ஓட்டைப் போன்று நீளத்தைவிட அகலம் மிகுந்த தட்டை உடல். குறுக்களவு ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கடுகை நசுக்கி வைத்ததுபோல் இருக்கும். நம் கண்ணுக்குச் சிறியது. தேனீயின் உடலோடு ஒப்பிட்டாலோ, ஒரு மனிதன் சாப்பாட்டுத் தட்டளவு உண்ணியைச் சுமந்து திரிவதற்குச் சமம். வயிற்றுப்புறத்துத் தகடுகளின் இடுக்கில் புகுந்து ஒட்டிக்கொள்வதால் மேலோட்டமாகப் பார்க்கிறவர் காணமாட்டார். அது தேனீயின் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. வளர்ந்த தேனீயிடம் அது முதன்மையாக உண்பது கொழுப்புத் திசுவை என்று 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உணவைச் சேமிப்பதும், நஞ்சை முறிப்பதும், நோயை எதிர்ப்பதும் அந்தத் திசுவின் வேலைகள். களவு போவது கூலிப்பணம் அன்று, குடும்பத்தின் கையிருப்பு.

அதன் இனப்பெருக்கம் அடைக்குள் நடக்கிறது. புழு முற்றி, பணித்தேனீக்கள் அறையை மெழுகால் மூடப்போகும் தருணத்துக்குச் சற்று முன்னர் தாய் உண்ணி உள்ளே நழுவிப் புழுவின் உணவுக்கடியில் பதுங்குகிறது. மூடி விழுந்த பிறகு கூட்டுப்புழுவின் உடலில் துளையிட்டு உண்கிறது. ஏறக்குறைய மூன்று நாளில் முதல் முட்டை, அது ஆண். அடுத்தடுத்து ஒன்றேகால் நாளுக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். உடன்பிறந்தவை அவ்விருட்டிலேயே இணைசேர்கின்றன. தேனீ மூடியைக் கடித்து வெளிவரும்போது தாயும் முதிர்ந்த மகள்களும் அதன் மேலேறி வெளியே வருகின்றன. இந்த ஊடுருவலோடு சிறகைக் குலைக்கும் வைரஸும் பரவுகிறது. பிறந்த தேனீயின் சிறகு கசங்கிய காகிதம்போல் இருக்கும். அது பறக்காது. சில நாளில் பெட்டி வாசலில் ஊர்ந்து சாகும்.

இத்தாலியத் தேனீயின் ஒரு கூட்டத்தை மருந்தோ மேலாண்மையோ இல்லாமல் விட்டால், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது அழிந்துவிடும். ஆனால் அடுக்குத் தேனீயின் கூட்டத்தில் இதே உண்ணி காலங்காலமாக இருந்துவந்திருக்கிறது. கூட்டம் அழிவதில்லை. ஏன்?

ஏனெனில் இந்த உண்ணியின் பூர்வீக வீடே அடுக்குத் தேனீயின் கூடுதான். 1904இல் ஜாவாத் தீவில் அடுக்குத் தேனீயின்மேல் கண்டெடுக்கப்பட்ட மாதிரிகளை வைத்தே அறிவியல் இந்த உண்ணிக் குடும்பத்துக்கு முதன்முதலில் பெயரிட்டது. மேலைத் தேனீயை அழித்துவருவது அதன் நெருங்கிய உறவான வேறோர் இனம் என்பது தெளிவாகி, 2000இல் அதற்கு ‘அழிப்பது’ என்று பொருள்படும் லத்தீன் அடைமொழி சூட்டப்பட்டது. அந்த அழிப்பானும் ஆசிய அடுக்குத் தேனீயிடமிருந்து தாவிய உயிரே. வணிகத்துக்காக மேலைத் தேனீயை ஆசியாவுக்குள் கொண்டுவந்து, இரண்டு இனங்களையும் அக்கம்பக்கத்தில் குடிவைத்தது மனிதன். உண்ணி வேலி தாண்டியது. பிறகு பெட்டிகளோடும் ராணிகளோடும் உலகம் சுற்றியது. 1987இல் அமெரிக்காவிலும், 1992இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலும், 2000இல் நியூசிலாந்திலும் அது கண்டறியப்பட்டது. கடைசிவரை தப்பியிருந்த ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் 2022 ஜூனில் தென்பட்டது. அங்கே சுற்றுவட்டத்துப் பெட்டிகளை எல்லாம் அழித்தேனும் அதை ஒழித்துவிட முயன்றார்கள். ஆயிரக்கணக்கான கூட்டங்களைத் தம் கையாலேயே கொன்றபின், 2023 செப்டம்பரில் அந்த முயற்சியைக் கைவிட்டு, உண்ணியோடு வாழப் பழகுவோம் என்று அறிவித்தார்கள்.

உண்ணியோடு வாழப் பழகுவது. அதை ஏற்கெனவே பழகிய தேனீ எங்கள் தோட்டத்துக் கல்லிடுக்கில் இருக்கிறது.

அது எப்படிப் பழகியது என்பதைப் பார்க்கலாம். அடுக்குத் தேனீ தன்மேல் உண்ணி ஏறியதை உணர்ந்தால் உடலை உதறிக் கால்களால் வழித்தெடுக்க முயல்கிறது. எட்டாவிட்டால் சக தேனீக்கள் வந்து தாடையால் கவ்வி எடுக்கின்றன. இந்தச் சுத்திகரிப்பு எந்த அளவுக்குப் பயன்தருகிறது என்பதில் ஆய்வாளரிடையே கருத்துவேறுபாடு உண்டு. இவ்வழக்கம் இருப்பதில் ஐயமில்லை. இரண்டாவதாக, பணித்தேனீயின் அறையில் உண்ணி புகுந்தால் வளர்ந்தவை அதை மோந்து கண்டுபிடித்து, மூடியைத் திறந்து, புழுவை வெளியே இழுத்துப்போடுகின்றன. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பான ஒன்றைச் சொன்னது. உண்ணி கடித்த அடுக்குத் தேனீயின் பணிப்புழு தாக்குப்பிடிப்பதில்லை. வளர்ச்சி நின்று மடிகிறது. அதன் நலிவே கூட்டத்துக்குக் காவல். புழு சாவதால் உண்ணியின் வாரிசும் சாகிறது. உடல்வலு மிக்க மேலைத் தேனீயின் புழு கடியைத் தாங்கிக்கொண்டு வளர்கிறது. தாங்குவதாலேயே உண்ணிக்குத் தொட்டிலாகிறது.

மூன்றாவது, ஆண் தேனீயின் அறை. அடுக்குத் தேனீயிடம் உண்ணி வெற்றிகரமாகப் பெருகுவது பெரும்பாலும் அங்கு மட்டுமே. ஆண் புழு பருவத்தில் மட்டும் இருப்பதால் பெருக்கத்துக்கும் பருவம் உண்டு. மேலும் அந்த அறையின் மூடி தடித்தது. நடுவில் ஊசித்துளை ஒன்று இருக்கும். பல உண்ணிகள் புகுந்து நலிந்துபோன ஆண் தேனீயால் அந்த மூடியை உடைத்து வெளிவர இயலாது. பணித்தேனீக்களும் அதைத் திறந்துவிடுவதில்லை. உள்ளே தேனீயும் உண்ணிகளும் சேர்ந்தே சமாதியாகின்றன.

நான்காவதுதான் எங்கள் வாதத்தின் மையம். அடுக்குத் தேனீ அடிக்கடி கூட்டம் பிரியும். தொந்தரவு மிகுந்தால், உணவு குறைந்தால், மெழுகு அந்துப்பூச்சி பெருகினால், ஒரு நாள் காலை அடையையும் புழுவையும் விட்டுவிட்டு மொத்தமாக ஓடிப்போகும். தேனீ வளர்ப்பு பற்றிய கையேடு எதைத் திறந்தாலும் இது அடுக்குத் தேனீயின் முதற்குறை என்று எழுதியிருக்கும். பழைய அடையைக் கடித்து உதிர்ப்பது இரண்டாவது குறை. பெருங்கூட்டமாக வளராதது மூன்றாவது. உண்ணியின் பக்கத்திலிருந்து இந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கூட்டம் ஓடிப்போனால் மூடிய அறைகளில் இருந்த உண்ணிகள் அத்தனையும் கைவிடப்பட்ட வீட்டில் அழிகின்றன. புதிய இடத்தில் அடை கட்டிப் புழு முற்றும்வரை பெருக்கத்துக்கு இடமில்லை. பழைய அடையைக் கடித்தெறிந்தால் நோய்க்கும் பூச்சிக்கும் ஒதுங்க மூலையில்லை. சிறு கூட்டத்தில் புழு குறைவு. உண்ணிக்கு அறை குறைவு. நாம் குறை என்று எழுதிவைத்தவை எல்லாம் அதன் பாதுகாப்பு.

இத்தாலியத் தேனீயின் நிறைகள் என்று முன்மொழிவில் எழுதப்பட்டிருப்பவற்றையும் அப்படியே வாசிக்கலாம். ஓடாது, கூட்டம் எளிதில் பிரியாது, ஆண்டின் பெரும்பகுதி புழு வளர்க்கும், சாந்தமாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக மனிதன் தனக்கு வசதியானவற்றைத் தேர்ந்து பெருக்கிய குணங்கள். ஒவ்வொன்றும் உண்ணிக்கும் வசதியானதே.

எங்கள் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். வைரஸ் நோய்க்காலத்தில் நாற்பது பெட்டிகளை இழந்தவர். சென்ற கூட்டத்தில் இளைஞர் ஒருவர், “நம்ம தேனீ நன்றி கெட்டது மாமா, பெட்டி, சீனித்தண்ணி எல்லாம் குடுத்தாலும் போயிருது” என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே, “போச்சுண்ணு ஏசுதிய. ஏன் போச்சுண்ணு எப்பவாவது கேட்டியளா மக்களே?” என்றார். முப்பது பேர் பேசிய இரண்டு மணி நேரத்தில் இதைவிடப் பொருளுள்ள வாக்கியம் வேறு எழவில்லை.

இதை நாங்கள் ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு எங்கள் உறுப்பினர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் ஆறு பெட்டி இத்தாலியத் தேனீ வாங்கினார். முதல் மாதங்களில் பெருமிதம். ரப்பர்த் தேன் முடியும் தறுவாயில் வாசலில் சிறகு சுருங்கிய தேனீக்கள் ஊர்ந்தன. குழுவிடம் சொல்லக் கூச்சப்பட்டு, யாரோ சொன்னதைக் கேட்டு, அவரே வைத்தியம் செய்துவிட்டார். ஃபார்மிக் அமிலத்தின் ஆவி உண்ணியைக் கொல்லும் என்பது உண்மை. மூடிய அறையின் மெழுகையும் ஊடுருவிக் கொல்லும் மருந்துகள் அரிது, அவற்றில் இது ஒன்று. எங்கள் பகுதியில் அதைத் தேடி அலைய வேண்டியதுமில்லை. ரப்பர்ப் பாலை உறையவைத்து ஷீட் அடிக்க ஒவ்வொரு வீட்டிலும் வாங்கி வைத்திருக்கும் ‘ஆசிட்’ அதுவே. அளவு பாராமல், பங்குனி வெயில் உச்சியில், துணியில் நனைத்து அடைகளின் மேல் விரித்தார். வெப்பநிலை முப்பது பாகையை நெருங்கினாலே அந்த ஆவி கட்டுமீறி எழும் என்பது அவருக்குத் தெரியாது. தேனீக்கள் கொத்தாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தன. இரண்டு பெட்டிகளில் ராணி இறந்தது. அவர் கையிலும் கண்ணிலும் எரிச்சல். நல்லவேளையாக அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

மறுவாரம் குழுவாகச் சென்றோம். எஞ்சிய நான்கு பெட்டிகளில் முதல்முறையாக எண்ணிப் பார்த்தோம். இதன் முறை எளியது. ராணி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, புழுவுள்ள அடையிலிருந்து அரை டம்ளர் அளவு, சுமார் 300 தேனீக்களை ஒரு சாடியில் தட்டிச் சேர்க்க வேண்டும். சாடியின் மூடி சல்லடைத் துணி. அதன்வழியே பொடித்த சீனி இரண்டு மேசைக்கரண்டி போட்டு உருட்டி, சில நிமிடம் நிழலில் வைத்து, பின்பு கவிழ்த்து வெள்ளைத் தட்டில் குலுக்க வேண்டும். சீனிப்பொடியில் பிடிமானம் இழந்து உண்ணிகள் உதிரும். தட்டில் சிறிது தண்ணீர் தெளித்தால் சீனி கரைந்து உண்ணிகள் மட்டும் தெரியும். எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை என்று கிடைக்கும். நூற்றுக்கு மூன்றை எட்டினால் நடவடிக்கை தேவை என்பது பல நாடுகளில் கைக்கொள்ளும் கணக்கு. சீனி பூசிய தேனீக்களைத் திரும்பப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்; மற்றவை நக்கித் துடைத்துவிடும்.

எங்கள் தட்டில் முதல் பெட்டிக்கு 27 விழுந்தன. அதாவது நூற்றுக்கு ஒன்பது. அருகிலேயே இருந்த அடுக்குத் தேனீப் பெட்டி இரண்டிலும் இதையே செய்தோம். ஒன்றில் எதுவும் விழவில்லை. மற்றொன்றில் ஒரே ஓர் உண்ணி. இரண்டு பெட்டிகளை வைத்து ஒரு விதியை நிறுவிவிட முடியாது என்பதை அறிவோம். ஆனால் கூடியிருந்தவர்கள் அந்த இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அதன்பின் செய்தவை பொறுமை கேட்பவை. ஆண் தேனீ அறைகள் மிகுந்த அடைத்துண்டுகளை மூடி விழுந்ததும் வெட்டியெடுத்து அழித்தோம்; உண்ணி ஆணறையையே விரும்பி நாடுவதால் அது ஒரு பொறி. ராணியை ஏறக்குறைய மூன்று வாரம் சிறு கூண்டில் அடைத்துவைத்து, முட்டையிடுவதை நிறுத்தினோம். இருந்த புழுவெல்லாம் தேனீயாகி வெளிவந்து, உண்ணி ஒளிய அறையில்லாமல் வெளியே நிற்கும்போது மருந்து வைத்தால் சிறிதளவே போதும். எண்ணிப் பாருங்கள்: நாங்கள் அந்தத் தேனீக்குச் செய்துவைத்தது என்ன? அடுக்குத் தேனீ ஓடிப்போய்த் தனக்குத்தானே செய்துகொள்வதை, கூண்டும் கத்தியும் கொண்டு செயற்கையாகச் செய்தோம்.

மருந்து இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. செயற்கை மருந்துப் பட்டைகளைத் தேனடைகளுக்கு நடுவே தொங்கவிட்டுப் பல நாடுகள் பல ஆண்டுகள் நிம்மதியாக இருந்தன. பின்பு உண்ணி அவற்றைத் தாங்கப் பழகியது. ஒரு மருந்து போய் இன்னொன்று. அதையும் தாங்கும் உண்ணி. 2024–25 குளிர்காலத்தில் அமெரிக்காவின் வணிகத் தேனீ வளர்ப்போர் தங்கள் கூட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இழந்தனர். அழிந்த கூட்டங்களை ஆராய்ந்த அந்நாட்டு வேளாண் ஆய்வாளர்கள், வைரஸ்கள் மிகுந்திருப்பதையும், அங்கே அதிகம் நம்பப்பட்ட அமிட்ராஸ் என்ற மருந்தை எதிர்க்கும் மரபுக்கூறு உண்ணிகளில் பரவியிருப்பதையும் 2025இல் தெரிவித்தனர். ஆய்வகங்களும் மானியங்களும் உள்ள நாட்டின் நிலை இது. பூச்சிமருந்துக் கடையில் கிடைக்கும் எதையாவது பெட்டிக்குள் தெளித்துவிடும் பழக்கம் உள்ள ஊரில் என்ன ஆகும்? மெழுகில் ஊறும், தேனில் இறங்கும். மார்த்தாண்டம் என்ற பெயரைச் சொல்லி விற்கும் தேனில்.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உள்ள வலியை நாங்கள் உணராமல் இல்லை. கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டார்: “எனக்கு இருவது பெட்டி இருக்கு. வருசம் முழுசும் பாத்து எடுக்கிற தேன், பிள்ளைய காலேஜ்ல சேக்கப் பத்தாது. நீங்க மாசச் சம்பளம் வாங்குறவிய, உங்களுக்கு நியாயம் பேசலாம் சார்.” இதற்கு நேரான பதில் எங்களிடம் இல்லை, இருப்பதாக நடிப்பதும் முறையன்று. மூன்று மடங்கு தேன் என்பது அவருக்குக் கவிதை அன்று, கட்டணம். நாங்கள் சொல்லக்கூடியது, அந்த மூன்று மடங்கிலிருந்து கழிக்க வேண்டியவற்றையும் எழுதிக் கணக்குப் போடுவோம் என்பதே. புதிய பெரிய பெட்டிகள், பஞ்ச மாதங்களில் கூடுதல் சீனி, மருந்து, பூ தேடி வண்டியில் கொண்டுபோகும் செலவு, மாதந்தோறும் உண்ணி எண்ணும் உழைப்பு, எண்ணத் தவறினால் மொத்த இழப்பு. இழப்பை ஆறு பெட்டிக்காரர் தாங்கினார்; இருபது பெட்டியில் மொத்தச் சேமிப்பையும் போட்டவர் தாங்கமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. தேனீக்கு வேலி கிடையாது. ஒரே பூவில் இரண்டு இனமும் அமரும். பஞ்சகாலத்தில் ஒன்றன் பெட்டியை மற்றொன்று கொள்ளையிடும். நோய்க்கிருமிகள் இனம் தாண்டுகின்றன. உண்ணி இனங்களும் தாண்டுகின்றன: பப்புவா நியூகினியில், அதுவரை மேலைத் தேனீயிடம் பெருகாதிருந்த ஜாவா உண்ணி அதனிடமும் பெருகத் தொடங்கியது 2008இல் தெரியவந்தது. நம் மலைத்தேனீயின் கூட்டில் பூர்வீகமாக வாழும் டிரோபிலேலாப்ஸ் என்ற மற்றோர் உண்ணியும் இத்தாலியத் தேனீயிடம் தாவி வரோவாவைவிட வேகமாகப் பெருகுகிறது. அது வளர்ந்த தேனீயிடம் உண்டு வாழ இயலாதது. புழுவில்லாத சில நாட்களில் மடிந்துவிடும். பருவத்துக்குப் பருவம் கூட்டையே விட்டுப் புலம்பெயரும் மலைத்தேனீயிடம் அது அடங்கியிருக்கிறது. ஓயாமல் புழு வளர்க்கும் பெட்டித்தேனீயிடம் அதற்குத் தடையே இல்லை. ஓடிப்போகும் தேனீயின் நியாயத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அடுக்குத் தேனீ எதையும் வெல்லும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. 1991 அந்த மயக்கத்தைத் தீர்த்துவைத்தது. ஆனால் அதன்பின் எங்கள் பெட்டிகள் மீண்டும் நிறைந்தது எப்படி? நோயில் தப்பிப் பிழைத்த கூட்டங்களைக் காட்டிலும் பொந்திலும் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து பெருக்கினோம். மருந்து மீட்கவில்லை, பிழைத்தவை மீட்டன. அந்தப் பாடத்தைக் குழு ஒரு முறையாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அதற்கு நாங்கள் முன்வைப்பவை சில. பொது நிதியை இத்தாலியத் தேனீயில் போடவேண்டாம். சொந்தப் பணத்தில் வாங்குகிறவரைத் தடுக்க எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் பெட்டியை இறக்குமுன் குழுவின் முன்னிலையில் சீனி உருட்டி எண்ணட்டும், பிறகு மாதம் ஒருமுறை எண்ணி நோட்டில் எழுதட்டும். எண்ணாமல் எவரும் மருந்து வைக்கக்கூடாது. ரப்பர் ஆசிட்டைப் பெட்டிப் பக்கம் கொண்டுவரவே கூடாது. அடுக்குத் தேனீப் பெட்டியில் எந்த இரசாயனமும் வேண்டாம். தேன் எடுக்கும் இயந்திரத்துக்கு நோட்டு வைத்திருப்பதுபோல், ஓடிப்போன கூட்டங்களுக்கும் ஒரு நோட்டு வைப்போம்: எந்த நாள், அடையில் என்ன இருந்தது, எறும்பா, அந்துப்பூச்சியா, பசியா, நாமே அளவுமீறித் தேனெடுத்தோமா. கொட்டுகிறது, ஓடுகிறது என்பதற்காக ஒரு ராணியைக் கொன்று சாந்தமானதை வைக்கும் பழக்கத்தை நிறுத்துவோம். எவ்வளவு தேன் தந்தது என்பதோடு, எவ்வளவு காலம் தானே பிழைத்தது என்பதையும் பார்த்து எந்தக் கூட்டத்தைப் பெருக்குவது என்று முடிவுசெய்வோம்.

தமிழ் படித்தவர்களுக்குத் தும்பியும் சுரும்பும் ஞிமிறும் புதியவை அல்ல. குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் தும்பியை அழைத்துச் சான்று கேட்கிறான். தனக்கு இதமானதைச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லக் கேட்கிறான். வகுப்பில் எத்தனையோ முறை அதை விளக்கியிருக்கிறோம். சீனி உதிர்ந்த வெள்ளைத் தட்டின்முன் குனிந்து உட்கார்ந்து எண்ணியபோதுதான் அந்தக் கேள்வியின் கடுமை புரிந்தது. நாம் விரும்பும் விடையைத் தேனீயிடமிருந்து வரவழைக்க நூறு ஆண்டுகளாக முயன்றிருக்கிறோம். அது கண்டதைச் சொல்லவிட்டோமா?

அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு. தோற்கவும் கூடும், அந்தப் பெண்ணின் கேள்வி எங்கள் வாதங்கள் எல்லாவற்றையும்விடக் கனமானது. எப்படியாயினும் நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டோம். முதல் பக்கத்தில் எங்கள் பெட்டி ஒன்றே பதிவாகியிருக்கிறது. போன வாரம் காலையில் திறந்தபோது வெறுமை. அடையில் மெழுகு அந்துப்பூச்சியின் நூலாம்படை. மழைக்காலம் தொடங்கியபிறகு ஒரு மாதமாக நாங்கள் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. காரணம் என்ற இடத்தில் “எங்கள் கவனக்குறைவு” என்று எழுதினோம். பெட்டியைச் சுரண்டிக் கழுவி, வெயில் காட்டி, வாசலைத் திறந்தபடி பழைய இடத்திலேயே வைத்திருக்கிறோம்.